உயிர் இரைக்கு பெய்ட்ரன்னர் ரீல் வாங்கவேண்டுமா, கையில் இருக்கும் ரீலே போதுமா?

உயிர் இரை போட்டு மீன் பிடிக்க ஆரம்பித்தவர்கள் சீக்கிரமே இந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள். தூண்டில் நூலான நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல்களில், பின்பக்கம் ஒரு லிவர் நீட்டிக்கொண்டிருக்கும் பெய்ட்ரன்னர் என்ற தனி ரகத்தை வாங்கவேண்டுமா, இல்லை சாதாரண ஸ்பின்னிங் ரீலை வைத்தே சமாளித்துவிடலாமா? நான் இரண்டையும் வைத்துப் பல வருடம் பிடித்திருக்கிறேன், நடுவில் கொஞ்ச காலம் ஓவர்ஹெட் ரீல் பக்கமும் போய்வந்தேன். அதனால் எனக்கு ஒரு கட்சி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் இந்த ரீல்கள் உள்ளுக்குள் என்ன செய்கின்றன என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது தெரியாமல் வாங்கியவர்கள்தான் பிறகு லிவரை ஒரு முறைகூடத் தொடாமல் வைத்திருக்கிறார்கள்.

செயற்கை இரையில் மீன் அடித்தால் அடித்த நொடியில் தூண்டில் முள் வாயில் ஏறவேண்டும், இல்லாவிட்டால் அது உலோகத்தையோ பிளாஸ்டிக்கையோ உணர்ந்து துப்பிவிடும். உயிர் இரையில் கதை வேறு. ஒரு மடவையையோ மத்தியையோ பெரிய மீன் பெரும்பாலும் குறுக்காகத்தான் கவ்வும், கவ்வியபடி கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் நின்று இரையைத் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கும், விழுங்கிய பிறகு மறுபடி நகரும். இந்த இடைவெளி சில சமயம் மூன்று நொடி, சில சமயம் இருபது நொடி. இதற்குள் நரம்பில் பாரம் தெரிந்தால் பல மீன்கள் இரையை விட்டுவிடும். ஆக, முதலில் நரம்பு ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் போகவேண்டும், அடுத்த நொடியே முழு எதிர்ப்பும் வரவேண்டும். ஒரே கருவியிடம் இரண்டு எதிரெதிர் வேலைகளைக் கேட்கிறோம். நாம் பார்க்கப்போகிற ஒவ்வொரு வழியும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்படி மாறுவது என்பதற்கான விடைதான்.

சாதாரண ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியைச் சுற்றினால், நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் சுற்றுவதில்லை. அதைச் சுற்றியிருக்கும் ரோட்டர் என்ற சுழல் பகுதிதான், நரம்பை வழிநடத்தும் பெயில் என்ற வளைந்த கம்பியோடு சுழன்று நரம்பைச் சுற்றுகிறது. ஸ்பூல் நடுத்தண்டின்மேல் உட்கார்ந்து முன்னும் பின்னும் மட்டும் போய்வரும், அந்தத் தண்டும் சுழலாது. மீன் இழுக்கும்போது மட்டும் ஸ்பூல் தண்டின்மேல் வழுக்கிச் சுற்றும். அந்த வழுக்கலுக்கு எவ்வளவு எதிர்ப்பு என்பதை முன்னால் உள்ள குமிழ் முடிவு செய்கிறது, அது உள்ளே அடுக்கியிருக்கும் வாஷர்களை அழுத்துகிறது. இதுதான் டிராக்.

பெய்ட்ரன்னர் ரகத்தில் செய்திருக்கும் தந்திரம் எளிமையானது, ஆனால் அழகானது. ஸ்பூல் தண்டின்மேல் வழுக்குவதை விட்டுவிட்டு, தண்டையே சுழல விடுகிறார்கள். பின்னால் உள்ள லிவரைத் தட்டினால் தண்டைப் பிடித்து வைத்திருந்த பூட்டு விலகும், ஸ்பூலும் தண்டும் ஒன்றாகச் சுழலும். அந்தச் சுழற்சிக்கு ஒரு சின்ன இரண்டாவது டிராக் மட்டும் எதிர்ப்புத் தரும், அதைப் பின்பக்கத்துக் குமிழில் வைத்துக்கொள்ளலாம். முன் டிராக்கை நீங்கள் எவ்வளவு இறுக்கி வைத்திருந்தாலும் அது அப்படியே காத்திருக்கும். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உள்ளே ஒரு நெம்பு லிவரைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும், தண்டு பூட்டிக்கொள்ளும், முன் டிராக் வேலைக்கு வந்துவிடும். அவ்வளவுதான். கையை எடுக்கவேண்டாம், குமிழைத் தேடவேண்டாம், எண்ணவேண்டாம்.

1980களில் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் இதைப் பெய்ட்ரன்னர் என்ற பெயரில் கொண்டுவந்தது, இங்கிலாந்தில் கெண்டை பிடிக்கிறவர்கள் அதைக் கொண்டாடினார்கள், ஏனென்றால் அவர்கள் இரண்டு மூன்று ராடுகளை, அதாவது தூண்டில் கம்புகளை, தாங்கியில் வைத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள். பெய்ட்ரன்னர் என்பது ஷிமானோவின் வணிகப் பெயர். ஒக்குமா இதையே பெய்ட்ஃபீடர் என்கிறது, பென் நிறுவனம் லைவ் லைனர் என்கிறது, டைவா பைட் அண்ட் ரன் என்று பெயர் வைத்து மாடலின் பின்னால் பிஆர் என்று போடுகிறது. பெயரில் குழம்பாதீர்கள், யோசனை ஒன்றுதான். உண்மையில் குழம்பவேண்டிய இடம் வேறு: பின் டிராக் ரீல் என்று ஒரு ரகம் உண்டு, அதிலும் பின்னால் குமிழ் இருக்கும், ஆனால் அது முதன்மை டிராக்கையே பின்னால் வைத்த சாதாரண ரீல். லிவரும் இருக்கிறதா, முன்னால் தனியாக ஒரு டிராக் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சரி, இந்த லிவர் இல்லாமல் என்ன செய்யலாம்?

முதல் வழி பெயிலைத் திறந்து வைப்பது. எதிர்ப்பு என்ற பேச்சே இல்லை, நரம்பு ஸ்பூலின் விளிம்பிலிருந்து சுருள் சுருளாக உருவிக்கொண்டு போகும். விரல் நுனியில் நரம்பைத் தொட்டுக்கொண்டு நின்றால் இரை துடிப்பது, திடீரென்று வெறிபிடித்தாற்போல் ஓடுவது, கடி விழுவது எல்லாம் விரலுக்கே தெரியும், எந்த ரீலும் இந்த உணர்வைத் தராது. ராடு கையில் இருக்கும்வரை இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் எண்ணம். சிக்கல் ராடைக் கீழே வைக்கும்போதுதான். காற்று நரம்பை உருவும், நீரோட்டம் உருவும், இரையும் தன்பாட்டுக்கு உருவும், நீங்கள் திரும்பிப் பார்க்கும்போது பாதி ஸ்பூல் தண்ணீரில் வளையம் வளையமாக மிதக்கும். அதில் கடி விழுந்தாலும் தெரியாது, தெரிந்தாலும் தளர்வை எல்லாம் சுற்றி எடுப்பதற்குள் மீன் போயிருக்கும். இழை பின்னிய பிரெய்டு நரம்பாக இருந்தால் முடிச்சு விழுந்து அன்றைய பொழுதே முடிச்சு அவிழ்ப்பதில் போய்விடும்.

இதற்கு ஒரு ரப்பர் பேண்ட் வைத்தியம் உண்டு. ராடின் பிடிமேல் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவைத்து, பெயிலைத் திறந்துவிட்டு, நரம்பை ஒரு சின்ன வளையமாக மடித்து அதனடியில் செருகிவிடுங்கள். காற்றுக்கும் ஓட்டத்துக்கும் நரம்பு நகராது, மீன் இழுத்தால் உருவிக்கொண்டு போய்விடும். எவ்வளவு ஆழமாகச் செருகுகிறோம் என்பதுதான் இங்கே டிராக். சிரிக்காதீர்கள், இது நன்றாகவே வேலை செய்கிறது. ரப்பர் பேண்ட் வெயிலில் நைந்துவிடும், நாலைந்து பையில் வைத்துக்கொள்ளவேண்டும், அவ்வளவே. ஒரு ராடு மட்டும் வைத்து எப்போதாவது உயிர் இரை போடுகிறவர்கள் முதலில் இதைச் செய்துபார்த்துவிட்டு அப்புறம் ரீல் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டாவது வழி, டிராக்கைத் தளர்த்தி வைத்துவிட்டு மீன் கவ்விய பிறகு இறுக்குவது. பலரும் இதைத்தான் செய்கிறார்கள். நானும் செய்தேன், பெரிய மீன்களை இழந்ததும் பெரும்பாலும் இதில்தான். சாதாரண முன் டிராக்கில் தளர்விலிருந்து சண்டைக்கான இறுக்கத்துக்கு வரக் குமிழைப் பல திருகு திருகவேண்டும். மீன் ஓடுகிறது, கை நடுங்குகிறது, எத்தனை திருகு என்பது மறந்துபோகிறது. குறைவாகத் திருகினால் முள் ஏறாது, கூடுதலாகத் திருகினால் நரம்பு அறுந்துவிடும். நரம்பின் தாங்கு வலிமையில் கால்வாசியிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை டிராக் வைப்பது வழக்கம், அதாவது 10 கிலோ நரம்புக்கு 2.5 முதல் 3.3 கிலோ. கரையில் நிதானமாகத் தராசு மாட்டி வைக்கவேண்டிய இந்த அளவை, மீன் ஓடிக்கொண்டிருக்கும்போது விரல் உணர்வில் வைக்கப் பார்க்கிறோம். பத்தில் ஏழு முறை சரியாக வரும், தவறிப்போகிற மூன்றில் ஒன்று எப்போதும் பெரிய மீனாக இருக்கும்.

இந்தக் குறையைப் பாதி தீர்ப்பதுதான் குவிக் டிராக் என்ற ரகம். ஏறக்குறைய ஒரே திருகில் தளர்விலிருந்து முழு இறுக்கத்துக்கு வந்துவிடும். தூர வீச்சுக்கான பெரிய ஸ்பூல் ரீல்களில் இது அதிகம் வருகிறது. கெண்டைக்காரர்களில் ஒரு சாரார் பெய்ட்ரன்னரை விட்டு இதற்கு மாறினார்கள், காரணம் பின்பக்க இயந்திரம் இல்லாததால் ரீல் இலகுவாக இருக்கிறது, கெடுவதற்கு உறுப்புகளும் குறைவு. பழகினால் நல்ல வழிதான், ஆனால் பழக்கம் என்பது இதில் கட்டாயம், இருட்டில் எந்தப் பக்கம் திருகுகிறோம் என்பது கைக்குத் தானாகத் தெரியவேண்டும்.

மூன்றாவது, ஓவர்ஹெட் ரீல். இதில் டிரம்மே சுழன்று நரம்பை விடும், சுழன்றே எடுக்கும். டிரம் தடையின்றிச் சுழலும் ஃப்ரீ ஸ்பூல் நிலையில் போட்டு, அதை லேசாகப் பிடித்துச் சத்தம் கொடுக்கும் கிளிக்கரைத் தட்டிவிட்டால் பெய்ட்ரன்னர் செய்யும் வேலையைத்தான் செய்கிறது, சொல்லப்போனால் இதுதான் மூத்தது. படகிலிருந்து பெரிய இரையை ஆழத்தில் விட்டுப் பெரிய மீனைக் குறிவைப்பவர்களுக்கு இதற்கு ஈடு இல்லை, இறுக்கமான டிராக்கும் நிறைய நரம்பும் இதில்தான் கிடைக்கும். கரையிலிருந்து வீசவேண்டும் என்றால் கட்டைவிரல் பழகியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் நரம்பு குருவிக்கூடு கட்டிவிடும். அதுவும் உயிர் இரை மென்மையாகப் போய் விழவேண்டும், வேகமாக வீசினால் முள்ளை விட்டே பறந்துபோகும். புதியவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை.

நரம்பு முறுக்கேறுவதைப் பற்றியும் சொல்லவேண்டும், பெய்ட்ரன்னர் வைத்திருப்பவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. ஸ்பின்னிங் ரீலிலிருந்து வீசும்போது நரம்பு ஸ்பூல் விளிம்பில் சுருளாக உருவி வருவதால் ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு முறுக்கு ஏறுகிறது. திரும்பச் சுற்றும்போது ரோட்டர் எதிர்த்திசையில் அதைக் கழித்துவிடுகிறது, கணக்கு நேராகிவிடும். ஆனால் ஸ்பூலே சுழன்று நரம்பை விட்டால் போகும்போது முறுக்கு ஏறாது, சுற்றி எடுக்கும்போது மட்டும் ஏறும். அதாவது லிவரைத் தட்டிவிட்டு இரையை ஐம்பது மீட்டர் நீந்தவிட்டு, சுற்றி எடுத்து, மறுபடி நீந்தவிட்டு என்று நாள் முழுக்கச் செய்தால் மாலையில் நரம்பு தானாகச் சுருண்டு குதிக்க ஆரம்பிக்கும். ரீலில் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப்போகிறவர்கள் உண்டு. கோளாறு ஒன்றும் இல்லை. இரையை ஓட்டத்தில் தூரமாக அனுப்பத்தான் போகிறோம் என்றால் அந்த நேரத்துக்கு மட்டும் பெயிலைத் திறந்து அனுப்பிவிட்டு, இடம் வந்ததும் மூடி லிவரைத் தட்டுங்கள். முள்ளுக்கு முன்னால் கட்டும் துண்டு நரம்பான லீடருக்கு மேலே, தானாகச் சுழலும் இணைப்பான நல்ல ஸ்விவல் ஒன்றும் இருக்கட்டும். ஓவர்ஹெட் ரீலில் இந்தத் தொல்லையே கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பின் டிராக்கை எவ்வளவு வைப்பது? என் அளவுகோல் ஒன்றுதான்: இரை துள்ளினால் நரம்பு போகக்கூடாது, மீன் எடுத்தால் தயங்காமல் போகவேண்டும். இறாலுக்கு ஒரு அளவு, உள்ளங்கை நீளத்து மடவைக்கு இன்னொரு அளவு, ஓட்டம் வலுத்தால் இன்னும் கொஞ்சம். ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடும் விஷயம் இல்லை இது. மிகவும் தளர்வாக விட்டால் வேறு ஒரு ஆபத்து உண்டு, மீன் படாரென்று எடுத்து ஓடிச் சட்டென்று நிற்கும்போது ஸ்பூல் மட்டும் நிற்காமல் சுழன்று நரம்பைக் கொட்டிவிடும். குறைந்தபட்சம் ஸ்பூலைக் கையால் சுண்டினால் அரைச் சுற்றுக்குள் நிற்கும்படி வையுங்கள். முன் டிராக்கை லிவர் தட்டாத நிலையில்தான் வைக்கவேண்டும், தட்டிய நிலையில் இழுத்துப் பார்த்தால் பின் டிராக்கைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். அப்புறம், லிவர் தட்டிய நிலையில் வீசிவிடாதீர்கள். விரலில் நரம்பைப் பிடித்து ராடைப் பின்னால் கொண்டுபோகும்போதே ஸ்பூல் சுழன்றுவிடும், இரை பாதி வழியில் தலைக்குப் பின்னால் விழும். எல்லோரும் ஒருமுறை செய்வார்கள். நான் மூன்று முறை செய்திருக்கிறேன்.

முள்ளோடு சேர்த்துத்தான் இந்த ரீலை யோசிக்கவேண்டும். நுனி உள்பக்கமாக வளைந்த வட்ட முள்ளுக்கும் பெய்ட்ரன்னருக்கும் ஜாதகப் பொருத்தம். வட்ட முள்ளில் ராடை வெடுக்கென்று தூக்கினால் முள் வாயிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். மீன் விலகி ஓடும்போது நரம்பு மெதுவாக இறுகவேண்டும், அப்போது அது தானாகவே வாயின் ஓரத்தில் போய் மாட்டும். ராடை மீனை நோக்கித் தாழ்த்தி, கைப்பிடியை நிதானமாகச் சுற்றினால் லிவர் விடுபடும், நரம்பு இறுகும், வேலை முடிந்தது. மீன் தொண்டையில் மாட்டுவதும் குறையும், விட்டுவிட நினைத்தால் அது பிழைக்க வாய்ப்பு அதிகம். J எழுத்து வடிவத்தில் இருக்கும் சாதாரண ஜே முள்ளில் எப்போது இழுப்பது என்பது உங்கள் கணிப்பு, கூடுதலாகக் காத்திருந்தால் முள் வயிற்றுக்குப் போய்விடும். லிவர் இருக்கிறது என்பதற்காக மீனுக்கு நரம்பைக் கொடுத்துக்கொண்டே இருப்பது, புது பெய்ட்ரன்னர் வாங்கியவர்கள் எல்லோருக்கும் வரும் வியாதி.

நரம்பே விடக்கூடாத இடங்களும் உண்டு, அங்கே இந்த ரீலின் சிறப்பு முழுக்க வீண். பாறை இடுக்கில் கலவாவுக்கு இரை விடுகிறீர்கள், அல்லது மரக்கிளை மூழ்கிய இடத்திலும் பாலத் தூணடியிலும் கொடுவாவுக்கு. அங்கே மீன் இரையை எடுத்ததும் ஓடும் முதல் இரண்டு மீட்டரே வீட்டுக்குள் போவதற்குத்தான். லிவரைத் தட்டி வைத்திருந்தால் நீங்களே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அங்கே வேண்டியது வலுவான டிராக், தடித்த லீடர், கையிலேயே இருக்கும் ராடு. உங்கள் மீன்பிடி முக்கால்வாசி இப்படிப்பட்ட இடங்களில்தான் என்றால், அதே பணத்துக்கு லிவர் இல்லாத, ஆனால் நல்ல டிராக்கும் நீர் புகாத உடலும் உள்ள சாதாரண ரீலையே எடுங்கள். ஒரே விலையில் இரண்டு ரீல் இருந்தால் லிவர் உள்ளதில் அந்த லிவருக்கான செலவை வேறு எங்கோ குறைத்திருப்பார்கள், பெரும்பாலும் டிராக்கில் அல்லது பேரிங்கில்.

அப்படியானால் யாருக்குத்தான் இது வேண்டும்? ராடைத் தாங்கியில் வைப்பவர்களுக்கு. ஒரு விடியற்காலை டிராக்கை இறுக்கமாக விட்டு, பெயிலை மூடி, ராடை மணலில் நட்டுவிட்டு, பக்கத்து ராடின் சிக்கலை எடுக்கத் திரும்பினேன். சத்தம் கேட்டுத் திரும்பியபோது தாங்கி மட்டும் நின்றுகொண்டிருந்தது. ராடு அலைக்கு அப்பால் ஒருமுறை வாலை ஆட்டுவதுபோல் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. அடுத்த மாதமே பெய்ட்ரன்னர் வாங்கினேன், அதனால் இதில் நான் நடுநிலையானவன் இல்லை. இரண்டு ராடு போடுகிறீர்கள், சீலா, பாறை மீன், கெளுத்தி மாதிரி எடுத்ததும் திறந்த நீரில் ஓடுகிற மீன்களைக் குறிவைக்கிறீர்கள், இரவில் உட்காருகிறீர்கள் என்றால் வாங்கிவிடுங்கள், யோசிக்க ஒன்றும் இல்லை. ஸ்பூல் சுழலும்போது வரும் அந்தக் கிர்ர்ர் சத்தமே பாதி விலைக்குச் சமம். ராடை எப்போதும் கையில் வைத்திருப்பவர் என்றால் திறந்த பெயிலும் விரலும் போதும். படகும் பெரிய மீனும் என்றால் ஓவர்ஹெட். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர், எப்போதாவது உயிர் இரை, பெரும்பாலும் செயற்கை இரை வீசுபவர் என்றால் பெய்ட்ரன்னர் வேண்டவே வேண்டாம். அது கனம், நாள் முழுக்க வீசினால் மணிக்கட்டு வலிக்கும், பல் விகிதமும் பெரும்பாலும் 5:1ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும், வேகமாகச் சுற்றவேண்டிய இரைக்கு அது மந்தம்.

வாங்கப் போகும்போது கடையிலேயே லிவரைத் தட்டிவிட்டு நரம்பைக் கையால் இழுத்துப் பாருங்கள். பின் டிராக்கைக் கடைசிவரை தளர்த்தினால் விரல் நுனி இழுப்புக்கே ஸ்பூல் அசையவேண்டும், தொடங்கும்போது ஒரு கெட்டித்தனமும் அப்புறம் வழுக்கலுமாக இருந்தால் சின்ன இரைக்கு அது ஆகாது. கைப்பிடியை மிக மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், லிவர் தெளிவாக ஒரு தட்டோடு திரும்பவேண்டும், நடுவில் தொங்கி நிற்கக்கூடாது. முன் டிராக்கையும் இழுத்துப் பாருங்கள், அது வெட்டி வெட்டிப் போகாமல் ஒரே சீராகப் போகவேண்டும். கார்பன் வாஷர் என்றால் நல்லது. ஸ்பூல் கொஞ்சம் பெரிதாகவே எடுங்கள், ஏனென்றால் மீன் நரம்பை எடுக்க எடுக்க ஸ்பூலில் சுற்று விட்டம் குறையும், விட்டம் பாதியானால் அதே குமிழ் நிலையில் டிராக் இரண்டு மடங்காக உணரப்படும். நீண்ட ஓட்டத்தின் கடைசியில் நரம்பு அறுவது பலமுறை இதனால்தான், மீனின் பலத்தால் அல்ல.

உப்புத் தண்ணீரில் பயன்படுத்தினால் லிவர் வெளியே வரும் அந்தப் பிளவு உப்பு உள்ளே போக ஒரு கூடுதல் வாசல். கழுவும்போது முன் டிராக்கை இறுக்கிவிட்டு, குழாயை வேகமாகப் பீய்ச்சாமல் மெல்லிசாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, காய்ந்ததும் இரண்டு டிராக்கையும் தளர்த்தி வையுங்கள். மாதம் ஒருமுறை லிவர் அடியில் ஒரு சொட்டு எண்ணெய். அதைச் செய்யாமல் விட்ட என் பழைய ரீலில் லிவர் இப்போது பாதியில் நிற்கிறது. அதை ரப்பர் பேண்டோடுதான் பயன்படுத்துகிறேன்.